ஆடியில் எல்லாம் சரியாக இருந்தது

ஆடி 14, புதன்

பெட்டிகள் வந்திறங்கிவிட்டன. கூரையில் மாட்டுவதற்கு வட்ட வட்டமாகப் பதினொரு வைஃபை பெட்டிகள், அத்தனையையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டிப் படைக்க ஒரு கன்ட்ரோலர். எங்கள் பூரணி மஹாலுக்கு வருகிறவர்கள் சாம்பாரைக் குறை சொல்வதை விட்டுவிட்டு வைஃபையைக் குறை சொல்ல ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. பெங்களூரில் இருக்கும் முதலாளி மகனுக்கு ரோஷம் வந்து வாங்கி அனுப்பியிருக்கிறார்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஹால் காலியாகக் கிடக்கும். பெயிண்ட் அடிப்பது, ஃபேன் கழுவுவது எல்லாம் இந்த மாசத்தில்தான். அதோடு இதையும் முடித்துவிடச் சொல்லிவிட்டார் மேனேஜர் பேச்சிமுத்து அண்ணாச்சி. மஹாலில் கம்ப்யூட்டர் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வேறு யாரையும் அவர் யோசிக்கவில்லை. "ஏதாச்சும் வெடிச்சா இசக்கிதான் மாட்டுனாள்னு சொல்லிருவேன்" என்று முன்கூட்டியே தெரிவித்தும் விட்டார்.

கூட வந்த புத்தகத்தின் முதல் பக்கத்தில், செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறது. அதற்காகத்தான் இது. வேலை சம்பந்தப்பட்டதை மட்டும்தான் எழுதப் போகிறேன்.

ஆடி 22, வியாழன்

எல்லாப் பெட்டியும் மாட்டியாயிற்று. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு ரேடியோ இருக்கிறது. ஒன்று 'இரண்டு புள்ளி நாலு' என்கிற அலைவரிசைப் பேண்டு, இன்னொன்று 'ஐந்து' பேண்டு. இரண்டு புள்ளி நாலு தூரம் போகும், சுவரைத் தாண்டும், பழைய போனுக்கும் புரியும். ஆனால் பேண்டுக்குள் பாதை மாதிரி சேனல்கள் உண்டு, ஒன்றோடொன்று இடிக்காதது அதில் மூன்றே மூன்றுதான். ஐந்து பேண்டு வேகமாக ஓடும், சேனலும் நிறைய. சுவரைக் கண்டால் மட்டும் அதற்குச் சுணக்கம் வந்துவிடும்.

இரண்டையும் போட்டுவிட்டேன். பவர் எவ்வளவு என்று கேட்டது. இருப்பதிலேயே அதிகத்தைக் கொடுத்தேன். கல்யாண வீட்டில் எதைக் குறைவாக வைப்பார்கள்? எந்தச் சேனல் என்று கேட்டது. அதுவே பார்த்து மாற்றிக்கொள்ளும்படி ஆட்டோவில் விட்டேன்.

பிறகு வீடியோ காலில் அம்மாவைக் கூப்பிட்டு ஹால் முழுக்க நடந்தேன். மேடை, மணமகள் அறை, மாடிப்படி, கீழே சாப்பாட்டு ஹால் என்று ஒரு இடம் விடவில்லை. தென்காசியில் ஒரு பையன், மின்வாரியத்தில் வேலை, மீசை கூட வைத்திருக்கிறான் என்று அம்மா ஆரம்பித்து ஜாதகம் வரைக்கும் போனாள். ஒரு இடத்திலாவது கட்டாகாதா என்று பார்த்தேன். ஆகவில்லை. அவ்வளவு நல்ல சிக்னல்.

ஆடி 29, வியாழன்

எல்லாம் சரியாக இருக்கிறது. எழுத ஒன்றுமில்லை.

ஆவணி 4, புதன்

முதல் கல்யாணம். மானம் போயிற்று.

காலையில் கூட்டம் வர வர வைஃபை நொண்டியது. சரி, முகூர்த்தம் வரை இழுத்துப் பிடிக்கும் என்று நினைத்தேன். தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாக மொத்தமாய் விழுந்தது. யார் போனைப் பார்த்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளையின் அண்ணன் மஸ்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். தம்பி தாலியைக் கையில் எடுத்தது வரை பார்த்திருக்கிறார். மறுபடி படம் வந்தபோது பந்தி முடிந்து பாயசம் நடந்துகொண்டிருந்தது.

இது போதாதென்று வீடியோக்கார நெல்லையப்பன் சண்டைக்கு வந்தார். மஹாலில் பாதிக் கல்யாணத்துக்கு அவர்தான் வீடியோ. கிரேன் மாதிரி நீளக் கம்பத்தின் நுனியில் கேமராவைக் கட்டி, சபைக்கு மேல் ஆட்டி ஆட்டி எடுப்பார். அந்தக் கேமராவில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் உண்டு. அது ஒயர் இல்லாமலே படத்தை அனுப்ப, மேடைக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய எல்இடி திரையில் தெரியும். அந்தப் படமும் தாலி கட்டும்போது உறைந்து நின்றுவிட்டதாம். என் புதுப் பெட்டிகள்தான் காரணமாம். மலிவாக வாங்கிய டிரான்ஸ்மிட்டர் அப்படித்தான் செய்யும் என்று சொன்னேன். மூஞ்சி சுருங்கிவிட்டது. நல்லா வேணும்.

ஆவணி 5, வியாழன்

எங்கே தப்பு என்று புரிந்துவிட்டது. ஆடியில் சோதித்தது காலி ஹாலை. மனுஷ உடம்பு முக்கால்வாசி தண்ணீர், ஐந்து பேண்டை அப்படியே குடித்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்தால் ஆயிரம் குடம். அத்தோடு ஆளுக்கு ஒரு போன்.

பவரை முழுசாக வைத்ததும் தப்பு. பதினொரு பெட்டியும் ஒன்றை ஒன்று மிஞ்சிக் கத்துகின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிற பந்தியில் "சாதம்" என்று கேட்டால் யார் காதில் விழும்? ஆகவே பவரைப் பாதியாகக் குறைத்தேன். இரண்டு புள்ளி நாலு கூட்டத்தைச் சேர்த்துச் சேர்த்துத் திணறுவதால் அதை மொத்தமாக நிறுத்திவிட்டேன்.

ஆவணி 6, வெள்ளி

இரண்டு விஷயம்.

ஒன்று. பேச்சிமுத்து அண்ணாச்சியின் போன் பழசு, அதற்கு இரண்டு புள்ளி நாலு மட்டும்தான் தெரியும். அதை நிறுத்தியது அவருக்குத் தெரியாது. "இந்த மண்டபத்துல வைஃபை செத்துப் போச்சு" என்று, தேதி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு முன்னாலேயே மைக்கில் அறிவித்துவிட்டார். மைக்கை டெஸ்ட் செய்தாராம். ஒன்று விட்டு ஒரு பெட்டியில் இரண்டு புள்ளி நாலைத் திரும்பப் போட்டேன்.

இரண்டு. குவைத்திலிருந்து ஆபீஸ் நம்பருக்கு ஒரு அம்மா கூப்பிட்டார். பெயர் கோமதி. வைஃபை பார்க்கிற பிள்ளையிடம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டு வாங்கிப் பேசினார். ஆவணி பத்தொன்பதில் அவர் மகள் பொன்மாரிக்கு இங்கே கல்யாணம். அவர் வர முடியாது. அங்கே ஒரு வீட்டில் வயசான பாட்டியம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது. அது கைக்கு வராமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப நுழைய முடியாது. அடுத்த மாசம் புரட்டாசி, கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. பொன்மாரிக்கு அப்பாவும் இல்லை.

உட்கார்ந்து பார்ப்பதோடு அவருக்குத் திருப்தி இல்லை. மணமகள் அறையிலிருந்து மேடைக்கு மகளைத் தாய் கூட்டிக்கொண்டு வர வேண்டும் அல்லவா? ஊரில் இருக்கும் தன் தங்கச்சியைப் போனைப் பிடிக்கச் சொல்லி, அந்தப் போனில் இவர் கூடவே நடந்து வரப் போகிறார். பிறகு மேடையில் பக்கத்திலேயே நிற்கப் போகிறார்.

"ஒங்க மண்டபத்துல தாலி கெட்டும்போது மட்டும் லயன் போயிருமாமே. மஸ்கட்காரவுக வீட்ல சொன்னாவ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் தாயி. அந்த ஒரு நிமிசம் எனக்குத் தெரியணும்."

தெரியும் அக்கா, நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டேன். மொபைல் டேட்டாவை நம்பலாமா என்றால் முகூர்த்த நாளில் இந்தத் தெருவில் மூன்று மண்டபம் நிரம்பி வழியும், டவர் மூச்சு விடாது. நடக்கிற போனுக்கு ஒயர் கட்டவும் முடியாது. வைஃபைதான் ஒரே வழி.

ஆவணி 8, ஞாயிறு

பவர் குறைத்தது நல்ல பலன். காலையிலிருந்து ஒரு புகார் இல்லை. சாப்பாட்டு ஹாலில் ஒருவர் இட்லியை மறந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையாக இருந்தது.

தாலி கட்டும்போது விழுந்தது.

ஆவணி 9, திங்கள்

எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் தூக்குவதால் இருக்குமா? இருக்கலாம். அப்படியென்றால் நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. தாலி கட்டும்போது போனைத் தூக்காதே என்று நம் ஆட்களிடம் யார் சொல்வது?

நெல்லையப்பன் வந்திருந்தார், மறந்துபோன ஒரு லென்ஸ் மூடியைத் தேடி. கிடைக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், மரியாதைக்கு. நேற்றும் அவர் எல்இடி படம் உறைந்ததாம்.

வீட்டில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா நடுவில் புகுந்தாள். "ஏட்டி, சமையக்காரர அண்ணேங்குத, பந்தல்காரர அண்ணேங்குத, நாதஸ்வரக்காரர அண்ணேங்குத. இந்த வீடியோக்காரர மட்டும் பேரச் சொல்லுதியே, ஏன்?" அவர் என்னைவிட மூன்று வயசுதான் பெரியவர், அதற்கு எதற்கு அண்ணன் என்றேன். நாதஸ்வரக்காரர் என்னைவிட ஒரு வயசு சின்னவராம். அம்மாவுக்கு எப்படித்தான் இதெல்லாம் தெரியுமோ.

ஆவணி 12, வியாழன்

இன்று கண்டுபிடித்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன்.

ஆபீஸில் உட்கார்ந்து கன்ட்ரோலரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது என்று, இன்றைய கல்யாணத்தில் மேடைக்குப் பக்கத்திலேயே போனோடு நின்றேன். அய்யர் தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டில் கொடுத்தார். ஒரு அம்மா அதைச் சபைக்குள் எடுத்துப் போய் வரிசை வரிசையாகக் காட்ட, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். அதுவரை என் போனில் படம் கண்ணாடி மாதிரி ஓடுகிறது. தட்டு திரும்ப மேடையேறியது. படம் நின்றது.

கெட்டிமேளம் இன்னும் தொடங்கவில்லை. தவில்காரர் அப்போதுதான் விரலில் உறையைச் சரி செய்துகொண்டிருக்கிறார். ஒருவரும் போனைத் தூக்கவில்லை. அப்படியானால் கூட்டம் காரணமில்லை. தட்டு மேடையேறும்போது இந்த ஹாலில் வேறு என்ன நடக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். நெல்லையப்பனின் கிரேன் மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

பந்தியில் அவர் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். டிரான்ஸ்மிட்டரை எப்போது ஆன் செய்வீர்கள் என்று கேட்டேன். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் காலையிலிருந்து போடுவதில்லையாம். தாலித் தட்டு சபையைச் சுற்றி மேடையேறியதும்தான் போடுவாராம். எந்த பேண்டில் ஓடுகிறது என்று கேட்டேன். ஐந்து. சேனல்?

"ஆட்டோல கெடக்கு. எது காலியா இருக்கோ அதுல போய் ஒக்காந்துக்கிடும்" என்றார்.

என்னுடையதும் ஆட்டோ. அவர் டிரான்ஸ்மிட்டர் கண் திறந்ததும் என் மேடைப் பக்கத்துப் பெட்டிகள் இடிபடாமல் இருக்க வேறு சேனலுக்குத் தாவுகின்றன. தாவும்போது அதைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை போனின் இணைப்பும் அறுந்து விழுகிறது. என் பெட்டி வந்து இடிப்பதைப் பார்த்து அவர் டிரான்ஸ்மிட்டர் வேறு இடத்துக்குத் தாவுகிறது. குறுகலான முடுக்குக்குள் எதிரெதிரே வருகிற இரண்டு பேர், இவர் வலது பக்கம் ஒதுங்க அவரும் அந்தப் பக்கமே ஒதுங்குகிற மாதிரி. ஒரு வாரமாக ஒருவருக்கொருவர் வழி விட்டு விட்டே இடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதைச் சொன்னதும் நெல்லையப்பன் சிரித்த சிரிப்பில் பாயசம் புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். அவசரத்துக்குத் தட்டியதுதான்.

ஆவணி 13, வெள்ளி

மாற்றங்கள்: ஐந்து பேண்டில் ஆட்டோவை எடுத்துவிட்டேன். கீழ்ப்பக்கத்துச் சேனல்கள் நாலும் எனக்கு. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிக்கு ஒரே சேனல் வராமல் பிரித்துக் கொடுத்தேன். நடுவில் உள்ளவை வானிலை ரேடார் குறுக்கே வந்தால் விட்டுக் கொடுக்க வேண்டியவை, அவற்றில் கை வைக்கவில்லை. மேல்பக்கம் முழுக்க நெல்லையப்பனுக்கு. அவரும் ஆட்டோவை எடுத்துவிட்டார்.

இன்றைய கல்யாணத்தில் தட்டு மேடையேறியது. கிரேன் எழும்பியது. என் போனில் படம் ஓடுகிறது. எல்இடியிலும் படம் ஓடுகிறது. கெட்டிமேளம் அடித்து, தாலி கட்டி, மெட்டி போடும் வரைக்கும் ஓடியது. கிரேனுக்குக் கீழே நின்றுகொண்டு நெல்லையப்பன் என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். நானும் காட்டினேன். நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு மாமா தன்னைத்தான் காட்டுகிறோம் என்று நினைத்துச் சட்டை பட்டனைச் சரி பார்த்துக்கொண்டார்.

சந்தோஷமாக இருக்கிறது. ரொம்பவே.

ஆவணி 16, திங்கள்

ஒத்திகை. பொன்மாரியும் அவள் சித்தியும் வந்தார்கள். கோமதி அக்கா போனில். மணமகள் அறையிலிருந்து கிளம்பினோம். மாடிப்படித் திருப்பத்தில் படம் தடுமாறியது. அறைக்குள் இருக்கும் பெட்டியைப் போன் விடாமல் பிடித்துக்கொண்டு வந்ததுதான் காரணம். பிறந்த வீட்டை விட்டு வர மனசில்லாத மாதிரி. அந்தப் பெட்டியின் பவரை இன்னும் இறக்கினேன். பொன்மாரி சலிக்காமல் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினாள். கடைசியில் ஒரு துளி தடங்கல் இல்லாமல் மேடை வரை வந்தது.

கோமதி அக்காவுக்கு ஹாலையெல்லாம் சுற்றிக் காட்டினோம். மேடைத் திரைச்சீலை நிறம் பிடிக்கவில்லை என்றார். அவருக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் அந்த வீட்டுப் பாட்டியம்மா உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கல்யாணம் பார்க்கப் போகிறாராம்.

பிறகு கோமதி அக்கா எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை, இப்போதைக்கு அந்த எண்ணமும் இல்லை, வாரத்துக்கு மூன்று கல்யாணம் பார்க்கிறவளுக்கு அலுத்துவிட்டது என்றேன். அந்த நேரம் பார்த்து நெல்லையப்பன், காபி ஆறிப் போகும் என்று டம்ளரை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.  கோமதி அக்கா போனிலிருந்தே அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆவணி 18, புதன்

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு வீடியோக்காரர்கள் மதுரையிலிருந்து வந்து இறங்கினார்கள். இரண்டு கிரேன். இரண்டு டிரான்ஸ்மிட்டர், படம் அவர்கள் மானிட்டருக்கு மட்டும் போகிறபடி. இரண்டும் மேல்பக்கத்துச் சேனல்களில் அகலமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டன. கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிக் கேட்டால், கம்பெனியில் வைத்துக் கொடுத்தபடிதான் வேலை செய்யும், மாற்றத் தெரியாது என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆட்களிடம் அதற்கு மேல் பேச முடியாது.

நெல்லையப்பனுக்கு இடமில்லை. அவர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் அங்கே இடித்துப் படம் வராது, அல்லது என் பக்கம் வந்து உட்கார வேண்டும். ஒயரில் எடுக்கலாம் என்றால், போன வருஷம் ஒரு பெரியவர் ஒயரில் தடுக்கி விழுந்ததிலிருந்து நடைபாதையில் ஒயர் போடக் கூடாது என்று அண்ணாச்சி தடை. எல்இடியில் தாலி கட்டுவது தெரிய வேண்டும் என்பது பெண் வீட்டாரோடு பேசிய பேச்சு. கடைசி வரிசைக்கு அதுதான் கண்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன பார்ப்பார் என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆவணி 19, வியாழன்

காலையிலேயே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கல்யாண மண்டபத்தில் வேலை, அதற்காகத்தான்.

மேடைக்குப் பக்கவாட்டில், எல்இடி திரைக்கு ஒயர் போகிற மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். எனக்கு நேரடி ஒயர் இணைப்பு. சித்தியின் போன் எந்தப் பெட்டியில் தொங்குகிறது என்று கன்ட்ரோலரில் பார்த்தபடி, நானும் அதே வீடியோ காலில் சேர்ந்துகொண்டேன்.

பொன்மாரி கிளம்பினாள். பக்கத்தில் சித்தி, போனை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி. போனில் கோமதி அக்கா, அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு. குவைத்தில் பூவை எங்கே பிடித்தாரோ. அறையிலிருந்து படி, படியிலிருந்து நடைபாதை, நடைபாதையிலிருந்து மேடை. ஒரு பெட்டி கைவிட அடுத்த பெட்டி ஏந்திக்கொண்டது. "நிமிந்து நட தாயி" என்று அக்கா சொல்வது எனக்குக் கேட்டது. பொன்மாரி நிமிர்ந்தாள்.

தாலித் தட்டு சபைக்குள் போனது. நான் கிரேனைப் பார்த்தேன். நெல்லையப்பன் டிரான்ஸ்மிட்டரைக் கையில் பிடித்து யோசித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் எதிர்பார்க்கிறார்களே, போட்டுத்தான் பார்ப்போம் என்று என் பக்கத்துச் சேனலிலேயே போட்டுவிட்டார் போலிருக்கிறது. தட்டு மேடையேறுகிற நேரம் எல்இடியில் படம் வந்தது, ஆடியது, கட்டம் கட்டமாக உடைந்தது. என் லேப்டாப்பில் சித்தி போனிலிருந்து வரும் படம் அப்படியே நின்றது. வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

நான் கத்தவில்லை. கத்தினாலும் நாதஸ்வரத்துக்கு மேல் கேட்காது. எழுந்து நின்று அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவரும் பார்த்தார். டிரான்ஸ்மிட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எல்இடி இருட்டாகிவிட்டது. பின் வரிசையில் சலசலப்பு. எங்கிருந்தோ பேச்சிமுத்து அண்ணாச்சி "திரை என்னாச்சு, திரை என்னாச்சு" என்று ஓடி வருகிறார். வட்டம் சுற்றுவது நின்று, சித்தி போனின் படம் மறுபடி அசைந்தது. திரையின் ஒயர் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அதிகம் யோசிக்கவில்லை. அக்கா முகத்தை முழுத் திரையாக்கி, ஒயரை லேப்டாப்பில் சொருகிவிட்டேன்.

பத்தடி உயரத்துக்குக் கோமதி அக்கா எழுந்து நின்றார்.

யாரோ ஒரு வீட்டு அடுப்படி, பின்னால் பெரிய ஃபிரிட்ஜ், கையில் எவர்சில்வர் தட்டு, தட்டில் மஞ்சள் அட்சதை. பக்கத்தில் சக்கர நாற்காலியில் அந்தப் பாட்டியம்மா, அவர் மடியிலும் ஒரு கிண்ணம். சபையில் எல்லாத் தலைகளும் திரைப் பக்கம் திரும்பின. பிறகு பொன்மாரியின் தாய்மாமன் எழுந்து திரையைப் பார்த்துக் கும்பிட்டார். கெட்டிமேளம் அடித்தார்கள். மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டு போனான். குனிந்திருக்க வேண்டிய பொன்மாரி நிமிர்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரும் குனியச் சொல்லவில்லை.

ஆயிரம் பேர் இங்கே அட்சதை போட, கோமதி அக்கா அங்கே போனைப் பார்த்துப் போட்டார். கேமராவில் விழுந்து திரை முழுக்க மஞ்சள் அரிசி. பாட்டியம்மா கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டார். சபை சிரித்தது, அழுதது, இரண்டையும் சேர்த்துச் செய்தது. நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். கன்ட்ரோலரில் எல்லாப் பெட்டியும் பச்சை.

அண்ணாச்சி என் மேஜைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. திட்ட வந்ததை மறந்து, "இது நாம போட்டதுதானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

நெல்லையப்பன் கிரேனை விட்டுவிட்டு ஒரு கைக்கேமராவோடு மேடையோரம் முட்டி போட்டு எடுத்திருக்கிறார். மேலிருந்து சுழன்று இறங்கும் ஷாட் ஒன்றுகூட கிடையாது. அந்த ஷாட்டுக்குத்தான் அவருக்கு ஊரில் பேரே. கேட்டதற்கு, "அந்தம்மா மூஞ்சி எடுத்தேன், போதும்" என்றார்.

பேட்டரி இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. நான்தான் எடுத்து டிரான்ஸ்மிட்டருக்குள் போட்டுக் கொடுத்தேன்.

ஆவணி 20, வெள்ளி

மாற்றம் ஒன்றும் செய்யவில்லை. ஹாலைக் கழுவினார்கள். எல்இடி மேஜைக்கு அடியிலிருந்து நெல்லையப்பனின் லென்ஸ் மூடி கிடைத்தது. எடுத்து வைத்திருக்கிறேன், வந்தால் கொடுக்க வேண்டும்.

மத்தியானம் கோமதி அக்கா கூப்பிட்டார். அடுப்படியில் இன்னும் அரிசி பெருக்கிக்கொண்டிருக்கிறாராம். அந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொள்வாளோ என்று பயந்தாராம், அவள் வீடியோவைத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாளாம். தை மாசத்துக்குள் அனுமதிக் காகிதம் வந்துவிடும், ஊருக்கு வருவேன் என்றார். வரும்போது மஹாலுக்கு வாங்க அக்கா என்றேன்.

"வராம? ஒனக்குக் கல்யாணம்னா நேர்லயே வந்து நிப்பேன், போன்ல இல்ல. ஆனா ஒண்ணு தாயி. அன்னைக்கு அந்தத் தம்பியால வீடியோ எடுக்க முடியாது. வேற ஆள இப்பமே சொல்லி வையி."

எந்தத் தம்பி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி முகூர்த்தங்களில் இரண்டு வீட்டு வீடியோவும் சேர்ந்து வரும். சேனல்களை முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டும். அதைப் பற்றி நெல்லையப்பனோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. புரட்டாசியில் ஹால் காலியாகத்தான் இருக்கும், தினமும் வரச் சொல்லியிருக்கிறேன். வேலை விஷயமாகத்தான்.